நான் சேலத்தில் இருந்த மத்தியானம்

பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு நர்ஸ் எப்படி ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். சொல்லக் கூடாது. அவ்வளவுதான், எழுதி முடித்துவிட்டேன். ஆனால் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த ஒற்றை வரியைக் கொடுத்தால் நன்றாக இருக்காதாம். இன்னும் கொஞ்சம் எழுதச் சொல்கிறார்கள். சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரும் என்னை இடமாற்றம் செய்ய முடியாது, விளக்கம் கேட்க முடியாது. அதனால் பயமில்லாமல் எழுதலாம். வேலையில் இருந்தபோதும் இந்த அம்மாவுக்குப் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யில்லை.

ஏற்காட்டில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலைக் கிராமத்துப் பெண்கள். பூங்கொடி மாரமங்கலத்துப் பெண். கணவன் சின்னையனுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் ராகி விளையும் நிலம். முதல் பிரசவம். மாதம் தவறாமல் பஸ் ஏறி வந்து என்னிடம்தான் காட்டிக்கொண்டு போனாள். என் போன் நம்பரையும் வாங்கி வைத்திருந்தாள். சந்தேகம் வந்தால் கூப்பிடுவாள். சந்தேகம் இல்லாவிட்டாலும் கூப்பிடுவாள்.

ஒரு மே மாதச் சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மூச்சு சரியில்லை. டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். விடியும்போது குழந்தை இறந்துவிட்டது.

டாக்டர் சின்னையனைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "அவ இன்னும் ஒரு வாய் சாப்பிடலீங்க, இப்ப சொல்ல வேண்டாமுங்க" என்றான். டாக்டரும் இளகிய மனசுக்காரர். தானே வந்து பக்குவமாகச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அதே நேரத்தில் சிக்கலான இன்னொரு பிரசவக் கேஸைக் கூட்டிக்கொண்டு ஆம்புலன்ஸில் சேலம் இறங்கிவிட்டார். ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. வார்டில் படுத்திருந்த பூங்கொடிக்குக் கேட்டது.

"அண்ணா, அதுல போறது எம்புள்ளையா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் நின்றவன் அவளுடைய அண்ணன் மாது. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல், உள்ளே பஞ்சு. "ஆமா சாமி, கண்ணாடிப் பொட்டியில வெச்சுச் சேலம் கொண்டு போறாங்க" என்றான்.

எல்லாம் இந்த ஒரு 'ஆமா'வில்தான் ஆரம்பித்தது. பொய் சொல்கிறவன் ஒன்றோடு நிறுத்தினால் பிழைத்துப் போவான். "கூட யாரு போறாங்க?" என்று அவள் கேட்டதும், "நம்ம பெரிய நர்சம்மாதான்" என்று என்னையும் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

அந்த நேரம் நான் என் வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டூட்டிக்கு வந்தேன். அன்று கீழே வெயில் தாங்காமல் பாதிச் சேலம் மலையேறி வந்திருந்தது. ஏரிப்பக்கம் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் இடிபட்டு, ஏற்கெனவே கடுப்போடு வந்து சேர்ந்தவளை வார்டு வாசலில் ஜெனிபர் மறித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண், இப்போதைய உங்களைப் போல.

"சிஸ்டர், உள்ள போகாதீங்க."

"ஏன்?"

"நீங்க சேலத்துல இருக்கீங்க."

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். அவளைப் பார்த்தேன். அவள் அழுகிற நிலையில் இருந்தாள். தாழ்வாரத்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"புள்ளைக்குப் பால் வேணுமே, பசிக்குமேன்னு அழுதாங்க சிஸ்டர். அதனால சீம்பால் எடுத்துக் குடுத்தேன். கை கழுவி, பாத்திரத்தைக் கொதிக்க வெச்சு, ரொம்பச் சுத்தமா."

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு."

"பாப்பா எங்கடி?"

"அந்தச் சின்ன ரூம்ல."

"பால் எங்க?"

"சேலம் போயிருக்கு சிஸ்டர். அவங்க அண்ணன் கொண்டு போயிருக்காரு."

ஜெனிபரை அறைந்துவிடலாம் போல இருந்தது. அறையவில்லை. பிள்ளைகளே, அவள் படித்தபடி ஒன்று விடாமல் செய்திருந்தாள். கை கழுவியது சரி. பாத்திரம் சரி. குழந்தைதான் இல்லை. "அவங்களே சொல்ல வேண்டாம்னாங்க, நான் எப்படி சிஸ்டர் சொல்றது?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொய்க்குத் துணை போகவும் வேண்டியதில்லை. "எனக்குத் தெரியலைக்கா, தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆளைத் தேடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் கவசம்.

சேலம் போன பாலைத் தேடிப் பஸ் ஏற வேண்டிய அவசியம் வரவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மாது உட்கார்ந்திருந்தான். கையில் மிளகாய் பஜ்ஜி. பக்கத்தில் ஒரு தூக்குப்போசி, அரைக்குடம் தண்ணீர் பிடிக்கும். நாலு கரண்டி சீம்பாலுக்கு அந்தப் பாத்திரம். நான் சாலையைக் கடக்கும்போதே பார்த்தேன், டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைக்க வந்தவர், "ஏனுங்க, கறந்த பாலுங்களா? நமக்குக் குடுக்கறதுங்களா?" என்று மூடியில் கை வைத்தார். மாது போட்ட சத்தத்தில் ரோட்டில் போன டூரிஸ்ட்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போசியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"சேலத்துல பஜ்ஜி நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டான். பஜ்ஜியோடு ஒரு ஆண்பிள்ளை அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. "கீழ போலாம்னுதான் பஸ் ஸ்டாண்டு போனேனுங்க. போயி யார்கிட்டக் குடுக்கறது? கீழ ஊத்தவும் மனசு வரலீங்க. திருப்பிக் கொண்டு போனா ஏன்னு கேப்பா. நானு என்னதானுங்க பண்றது?"

நான் திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தைகளில் பாதியை அங்கேயே போட்டுவிட்டேன். மீதிப் பாதியைத் திட்டினேன். ஏனென்றால் அவன் அடுத்ததாக ஒரு காரியம் செய்திருந்தான்.

"புள்ள போட்டோ வேணும்னு அவ போன் மேல போனுங்க. சிக்னல் இல்ல, சிக்னல் இல்லன்னு எத்தன தடவ சொல்றது? அதான் ஒண்ணு அனுப்பிட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். கூட்டாளி ஒருவனின் குழந்தை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கையில் வளையல், முன்னால் ஒரு பிளாஸ்டிக் லாரி. சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்தது. கீழ்வரிசையில் இரண்டு பல்.

"ஏய்யா, நேத்து பொறந்த புள்ள இது?"

"கொழந்தைன்னா எல்லாம் ஒண்ணாட்டந்தானுங்களே."

அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குள் இழுத்து வந்தேன். பின்பக்கப் படியில், குழந்தை இருந்த சின்ன அறைக்கு வெளியே, சின்னையன் உட்கார்ந்திருந்தான். உள்ளே வார்டு ஆயாம்மா குழந்தை பக்கத்தில் இருந்தார். காலையிலிருந்து சாப்பிடவும் எழுந்து போகவில்லை. சின்னையனோ காலையிலிருந்து உள்ளேயே போகவில்லை.

அவர்கள் திட்டத்தை அப்போதுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். ஊரிலிருந்து ஜீப் வருகிறது. குழந்தையைக் கொண்டுபோய்ப் பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டு, அப்புறம் பூங்கொடியிடம் சொல்வது. அவர்கள் வழக்கத்தில் இத்தனை சின்னக் குழந்தையை ஆண்கள் இரண்டு மூன்று பேர் போய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தாய் போக மாட்டாள். அது அவர்கள் வழக்கம், அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் ஜீப் போய்விட்டால் அவள் தன் குழந்தையை இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது. பிறந்தபோது ஒரு பார்வை பார்த்ததுதான். அதற்கப்புறம் மூச்சு மெஷினுக்குக் கொண்டுபோய்விட்டோம்.

"தெரிஞ்சா உசுர உட்டுருவாளுங்க சிஸ்டரம்மா" என்றான் சின்னையன். அவன் முகத்தைப் பார்த்தால் உயிரை விடப்போகிறவன் அவன்தான் என்று தோன்றியது.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"நான் வந்து சொல்றேன் சிஸ்டர், அதுவரைக்கும் பொறுங்க."

"எங்க சார் இருக்கீங்க?"

"அடிவாரம் தாண்டிட்டேன். ஒரு வளைவுல டூரிஸ்ட் பஸ் ஒண்ணு நின்னுபோச்சு. மேலயும் போகல, கீழயும் போகல."

"இங்க ஜீப் வந்துட்டிருக்கு சார்."

அந்தப் பக்கம் ஹாரன் மேல் ஹாரன். பிறகு மேலதிகாரிகள் எல்லோரும் கடைசியில் சொல்லும் அந்தப் பொன்மொழியைச் சொன்னார். "நீங்களே பார்த்துச் செய்ங்க சிஸ்டர்."

போனை வைத்துவிட்டு நான் வார்டு வாசலுக்கு வந்தேன். மாதுவும் சின்னையனும் பின்னாலேயே வந்தார்கள். முதலில் புருஷனைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு என்ன பேசலாம் என்று யோசித்து வாயைத் திறந்தேன். கையில் இருந்த போன் அடித்தது.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் நாதஸ்வரத்தை வைத்து, சத்தத்தையும் முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். கல்யாண வீடு போல அந்தத் தாழ்வாரமே முழங்கியது. பூங்கொடியின் பெயர் வந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான்.

மாது இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினான். சின்னையன் சுவரோடு சாய்ந்துவிட்டான். ஜெனிபர் காதைப் பொத்திக்கொண்டாள், காதைப் பொத்தினால் என்ன லாபமோ. நான் எடுத்தேன்.

"சிஸ்டர்," என்றாள் பூங்கொடி. போனிலும் கேட்டது, திரைக்குப் பின்னாலும் கேட்டது. "எங்க இருக்கறீங்க?"

உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். அப்போது எந்தப் புத்தகமும் பக்கத்தில் இருக்காது. சேலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், படுக்கையில் கிடக்கிறவளைத் தவிர. நான் யாருடைய நர்ஸ் என்று மட்டும் யோசித்தேன்.

"கதவுக்கு வெளிய நிக்கறேன் கண்ணு."

"உள்ள வாங்க."

திரையை விலக்கிக்கொண்டு போனேன். அவள் போனை என் பக்கம் நீட்டினாள். அந்தக் குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், ஒரு ராத்திரியில ரெண்டு பல்லு மொளைக்குமுங்களா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்லாதீர்கள். நின்றுகொண்டு சொல்கிறவர்கள் ஓடிப் போகத் தயாராக இருப்பது போலத் தெரியும். சுற்றி வளைக்கவும் கூடாது. "உன் பாப்பா செத்துப்போச்சு கண்ணு. விடியக்காலம். மூச்சு விட முடியல அதுக்கு. டாக்டர் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாரு. சேலத்துக்குப் பாப்பாவும் போகல, நானும் போகல" என்றேன்.

இறந்துவிட்டது என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். வாயில் வராவிட்டால் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

அவள் அலறவில்லை. உயிரையும் விடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். "அண்ணன் மொகத்தப் பாத்தப்பவே சந்தேகமுங்க. இந்தப் பல்லப் பாத்ததும் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமான வேலை, அதனால் யுகமாகத்தான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "பொட்டப் புள்ளதானே, பரவால்ல உடுங்க, அடுத்தது சிங்கமாட்டம் பொறக்கும்" என்றார். "ஏனுங்க, உங்க ஊட்டுல யார் யாரெல்லாம் போனா பரவால்ல, சொல்லுங்க, தெரிஞ்சு வெச்சுக்கறேன்" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். பிறகு என்மேல் புகார் வந்தது. வரட்டும். வார்டு வாசலில் இந்த மாதிரி ஆறுதல்களைத் தடுத்து நிறுத்துவது, ஊசி போடுவதைப் போலவே உங்கள் வேலை.

அழுகை கொஞ்சம் தணிந்ததும் பூங்கொடி கேட்டாள். "அது இப்ப எங்கீங்க? தனியாவா கெடக்குது?"

"இல்ல. ஆயாம்மா கூடவே உக்காந்திருக்காங்க. பாக்கணுமா? பாக்கறதுன்னாலும் சரி, வேண்டாம்னாலும் தப்பில்ல. உன் இஷ்டம்."

இதை மறக்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டும் என்று தள்ளவும் கூடாது, பார்க்கவே கூடாது என்று தடுக்கவும் கூடாது. கேட்க வேண்டும். அவளிடம் கேட்க வேண்டும். திரைக்கு வெளியே இருந்து மாது, "பாத்தா மனசுல நின்னுக்குமுங்க" என்றான்.

"நிக்கட்டும், அது எம்புள்ள," என்றாள் பூங்கொடி. "லாரி ஓட்டற புள்ளையவா நெனச்சுக்கிட்டு இருக்கச் சொல்ற?"

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஆயாம்மா கதவைத் திறந்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா எல்லாத்துக்கும்?" என்று எங்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். பெஞ்சில் குழந்தை. காலையில் அவசரத்தில் குழந்தையைச் சுற்ற மாது தன் தோளில் இருந்த துண்டையே கொடுத்திருக்கிறான். போன தேர்தலில் கிடைத்த கட்சித் துண்டு, கரை போட்டது.

பூங்கொடி பார்த்தாள். "இதென்னண்ணா துண்டு? எம்புள்ள என்ன ஓட்டுக் கேக்கவா போகுது?"

யாருக்கும் சிரிப்பு வரக்கூடாத இடம். ஆயாம்மாவுக்கு முதலில் வந்தது. அப்புறம் பூங்கொடிக்கே வந்தது, சிரிப்பும் அழுகையுமாக. சாவு நடந்த அறையில் சிரித்தால் பதறாதீர்கள். துக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கலாம். நாம்தான் ஆரம்பிக்கக் கூடாது.

அவள் பையில் குழந்தைக்கென்று துவைத்துக் கொண்டுவந்த பழைய சேலைத் துணி இருந்தது. ஜெனிபர் ஓடிப்போய் எடுத்து வந்தாள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்தோம். அவளே துடைத்தாள். காது, விரல், கால். ஒவ்வொன்றாக. "காது அவங்கப்பனாட்டம்" என்றாள். நான் செய்கிறேன் என்று கை நீட்டிய ஜெனிபரை இழுத்துப் பின்னால் நிறுத்தினேன்.

மாது தூக்குப்போசியைக் கதவருகே நின்று நீட்டினான். "சாமி, இது..." என்றான். போகிற உயிருக்கு வாயில் பால் ஊற்றுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பூங்கொடி விரலை நனைத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். மாது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் ஜன்னல் பக்கம் எதையோ பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று தெரியாது.

அப்போது ஜீப் வந்தது. வந்ததும் ஹாரன். மறுபடி ஹாரன். வெளியே போனேன்.

"இன்னொரு தடவ அடிச்சீன்னா சாவியப் புடுங்கிக் கெணத்துல போட்டுருவேன்."

"இங்க கெணறே இல்லீங்களே" என்றான் டிரைவர், நிஜமாகவே சந்தேகம் வந்தவன் போல.

"ஏரி இருக்குதில்ல?"

இன்ஜினை அணைத்துவிட்டான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். அந்தம்மா முடிக்கும்போது முடியும் என்றேன். இருட்டிவிடுமே என்றான். லைட் இல்லாத வண்டியையா ஓட்டுகிறாய் என்றேன்.

(நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடும். குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது. பால் கட்டும், வலிக்கும். அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லுங்கள். குளிர்ந்த துணி வைக்கலாம், வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுங்கள், காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லுங்கள். யாரும் சொல்லாமல் விட்டு, வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து, இது என்னவோ என்று பயந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தை அழுகிற வார்டிலும் அவளைப் படுக்க வைக்காதீர்கள். அன்று நாங்கள் ஊசி போடும் அறையைக் காலி செய்து அவளுக்குக் கட்டில் போட்டோம். மறுநாள் அதற்கும் ஒரு புகார்.)

திரும்பி வந்தபோது சின்னையன் இன்னும் படியிலேயே இருந்தான். "உள்ள வாய்யா" என்றேன். வந்து கதவோடு நின்றான். பூங்கொடி குழந்தையைத் துணியில் சுற்றி முடித்து, மடியில் வைத்திருந்தாள்.

மாது, "நானு தூக்கிக்கறேன் மச்சான்" என்று முன்னால் வந்தான்.

"நீ இரு," என்றாள் பூங்கொடி. "ஏனுங்க, நீங்க வாங்க. அப்பன் நீங்கதானே."

சின்னையன் கையை வேட்டியில் துடைத்தான். மறுபடி துடைத்தான். "எனக்குத் தூக்கத் தெரியாதே பூவு" என்றான். மூட்டை மூட்டையாகக் காப்பி சுமந்த ஆள். அவன் தோளில் தழும்பு இருக்கும்.

"வாங்க, காட்டறேன்."

அவன் குனிந்தான். அவள் அவனுடைய இடது கையை இழுத்து மடக்கினாள், முழங்கை மடிப்பில் தலையை வைத்தாள். வலது கையை அடியில் கொடுக்கச் சொன்னாள். அவன் விறைத்துப்போய் நின்றான்.

"நொம்ப இறுக்காதீங்க. தலையத் தாங்கிக்கங்க. தல தொங்கப்படாது."

"இப்புடியா?"

"இன்னும் கொஞ்சம் ஒசக்க. ஆங்."



அவன் நடந்தான். தாழ்வாரத்தில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தான். டிரைவர் இறங்கி வந்து கதவைத் திறந்து பிடித்தான். முன் சீட்டில் ஏறுவதற்கு ஒரு கை வேண்டும், அவனிடம் கை இல்லை. மாது பின்னாலிருந்து தாங்கி ஏற்றிவிட்டான். ஜீப் மெதுவாகக் கிளம்பியது. கேட்டுப் பக்கம் ஒரு பள்ளம் உண்டு, எந்த வண்டியையும் தூக்கிப் போடும். ஜீப் அதில் இறங்கி ஏறியது.

பூங்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் அவன் முழங்கை அசையவில்லை.

"தலைய நல்லாப் புடிச்சிருக்காருங்க," என்றாள்.

பிறகு, படுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.